பாடத்துக்கு முன்னால் ஒரு துணை

‘ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் முதல் தேவை பாடமா, துணையா?’ என்ற தலைப்பிலான தொலைக்காட்சி அரங்கில், ‘துணையே’ என்ற அணியின் பேச்சு.



எதிரணியினர் அழகாகப் பேசினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் எழுத்து வேண்டும், கணக்கு வேண்டும், ஒரு கைத்தொழில் வேண்டும் என்றார்கள். யார் வேண்டாம் என்றது? எல்லாம் வேண்டும். ஆனால் பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தால்தானே எழுத்து? பள்ளிக்கூட வாசலில், வேனை விட்டு இறங்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பையனுக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து பாடம் நடத்துவது? அந்த வாசலில் நின்று அவனை உள்ளே அழைத்து வருகிற ஆள் யார்? இன்றைய தலைப்பின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் இந்த வேலைக்கு ‘பாஸ்டரல் சப்போர்ட்’ என்று தனிப்பெயர் உண்டு. மேய்ப்பனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும். மாலையில் எண்ணிப் பட்டியில் அடைப்பதோடு வேலை முடிவதில்லை. எந்த ஆடு தண்ணீர் குடிக்கவில்லை, எது நொண்டுகிறது, எது பின்தங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பள்ளியிலும் அப்படித்தான். பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை. பிள்ளை தூங்கினானா, பசியாறினானா, எதற்குப் பயப்படுகிறான், யார் அவனைச் சீண்டுகிறார்கள், வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது இந்தத் துணையின் வேலை.

நம் நாட்டில் பி.பி.கே.ஐ. என்று சொல்லப்படும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர் ‘பெம்பாந்து பெங்குருசான் முரிட்’. தமிழில் மாணவர் நிர்வாக உதவியாளர். சுருக்கமாகப் பி.பி.எம். ‘நிர்வாகம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அவர் செய்வது அரவணைப்பு.

ஒரு சப்பாத்தின் கதை

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன் என்று வைத்துக்கொள்வோம். வயது பன்னிரண்டு. பேச்சு அதிகம் இல்லை. தினமும் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறவன், ஒரு திங்கட்கிழமை சப்பாத்தைக் கழற்றி வீசுகிறான். மேசையைத் தள்ளுகிறான். தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான். தூரத்தில் இருந்து பார்ப்பவர் என்ன சொல்வார்? “சேட்டை. கொஞ்சம் கண்டித்து வைத்தால் சரியாகிவிடும்” என்பார்.

அவனை அறிந்தவர் கண்டிக்க மாட்டார். அம்மாவுக்கு ஒரு போன் போடுவார். விஷயம் ஒரே நிமிடத்தில் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை மழை. பழைய சப்பாத்து நனைந்துவிட்டது. அப்பா அவசரமாக டவுனுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார். புதுச் சப்பாத்து குதிகாலில் கடிக்கிறது. மற்ற பிள்ளை “அம்மா, வலிக்குது” என்று சொல்லும். இவனுக்கு அந்த வார்த்தை நேரத்துக்கு வராது. வார்த்தை வராத இடத்தில் கை பேசுகிறது, கால் பேசுகிறது. சப்பாத்தைக் கழற்றி, செருப்பு மாட்டிவிட்டு, அமைதியான மூலையில் பத்து நிமிடம் உட்கார வைத்தால் அவன் பழையபடி ஆகிவிடுவான். பிறகு தாராளமாகப் பாடம் நடத்தலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் அதை ‘மதியிறுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். அது தொற்றுநோய் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. அடுத்தவரோடு பேசிப் பழகுவது கடினமாக இருக்கும். ஒரே ஒழுங்கு, ஒரே வழி என்பதில் பிடிவாதம் இருக்கும். சத்தம், வெளிச்சம், வாசனை, துணியின் உரசல் ஆகியவை நமக்குப் படுவதைவிடப் பல மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ படும். சிலர் பட்டம் பெறுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுதும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 2021-ம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அப்படியானால் ஒவ்வொரு தாமானிலும், ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் இந்தக் கதை நடந்துகொண்டிருக்கிறது.

துணை வேண்டுமா, இடம் கிடையாது!

நடுவர் அவர்களே, பாடத்தை முன்னால் வைத்து, துணையைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சாட்சி. 1997-ல் வந்த சிறப்புக் கல்வி விதிமுறைகள், அடுத்தவர் உதவியில்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளைதான் கல்வி பெறத் தகுதியுள்ள பிள்ளை என்று சொல்லின. கழிப்பறைக்குப் போக ஒரு கை வேண்டுமா? சோறு சாப்பிட ஒரு கை வேண்டுமா? அப்படியானால் பள்ளியில் இடமில்லை. யாருக்குத் துணை அதிகம் தேவையோ, அவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

2008-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. உடற்குறையைக் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்று அது எழுதியது. பழைய விதிமுறைகளுக்குப் பதிலாக 2013-ல் புதியவை வந்தன. 2019 முதல் ‘சீரோ ரிஜெக்ட்’ கொள்கை. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது. நல்லது. கதவு திறந்துவிட்டது. ஆனால் திறந்த கதவு வழியாக உள்ளே வந்த பிள்ளையின் கையைப் பிடிக்க ஆள் போதுமா? கதவைத் திறப்பது சட்டம் செய்யும் வேலை. கையைப் பிடிப்பது மனிதர் செய்யும் வேலை.

அம்மா மேல் விழுந்த பழி

1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் மருத்துவ உலகின் கண்ணில் தனியாகப் பட்டது அப்போதுதான். ஆனால் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் என்ன நடந்தது தெரியுமா? தாய் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே சொன்னார்கள். ‘ஐஸ்பெட்டி அம்மா’ என்று பெயர்கூட வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அந்தக் கருத்தை வைத்துப் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அது தவறு, இது உடல் சார்ந்தது என்று எழுதிவிட்டார். அவருடைய சொந்த மகனுக்கே ஆட்டிசம். பெற்ற அப்பாவின் கண் பார்த்ததைப் பெரிய நிபுணரின் கண் பார்க்கவில்லை!

நம் லயங்களில் ஐஸ்பெட்டி இல்லை, பழி மட்டும் இருந்தது. “கர்ப்பமா இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்துட்டா”, “கண்ணு பட்டிடுச்சு”, “அவங்க வீட்டுச் சாபம்.” மருத்துவர் வீட்டில் ஆங்கிலத்தில் விழுந்த பழி, நம் வீட்டில் தமிழில் விழுந்தது. இரண்டையும் சுமந்தது தாய்தான்.

பள்ளித் துணையின் முதல் பயன் இங்கே இருக்கிறது. “அம்மா, இது உங்க தப்பு இல்லை. நேத்து என்ன செஞ்சான், இன்னைக்கு என்ன செஞ்சான் என்று ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்” என்று ஒருவர் பள்ளி வாசலில் நின்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தாயின் பல ஆண்டுப் பாரம் குறையும்.

லண்டனில் 1962-ல் ஆட்டிசம் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பெற்றோர்கள். 1965-ல் ஈலிங் என்ற இடத்தில் அவர்கள் பள்ளி திறந்தபோது அதை நடத்த வந்தவர் சிபில் எல்கர். அதற்கு முன்னால் தம் வீட்டின் நிலவறையில் ஒரு சில பிள்ளைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகள் ‘கற்கவே முடியாதவர்கள்’ என்று கைவிடப்பட்டவர்கள். ஒழுங்கான நேரம், அமைதியான இடம், மாறாத முகம் ஆகியவற்றை வைத்துத்தான் அவர் தொடங்கினார். எழுத்தும் எண்ணும் அதன் பின்னால் வந்தன. நம் நாட்டிலும் நாசோம் என்ற தேசிய ஆட்டிசம் சங்கம் 1980-களில் பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான்.

ஆயாக்கொட்டகை போன பிறகு

மலாக்காவுக்கு வருவோம். புக்கிட் அசஹான், காடேக், ஜாசின் லாலாங், புக்கிட் லிந்தாங் என்று தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே பலருக்குப் பால்வாடை வரும். விடியுமுன் பெரட்டு. அம்மா பால்மரத்துக்குப் போய்விடுவார். பிள்ளை ஆயாக்கொட்டகையில். அந்த ஆயா எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை யார் மடியில் தூங்கும், எது சத்தத்துக்குப் பயப்படும், எது ஓடிப்போகும் என்று அவருக்குத் தெரியும். பேசாத பிள்ளை ஒன்று லயத்தை விட்டு நழுவினால், பத்து வீட்டில் ஒரு வீடாவது பார்த்துக் கூட்டி வந்துவிடும்.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். அதே லயத்தில் பிள்ளையைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்மார்களும் உண்டு. பாவம், வேறு வழியில்லை. விருந்தாளி வந்தால் பின்கட்டில் மறைத்து வைத்த வீடுகளும் உண்டு. பெயர் தெரியாத குறைக்கு மருந்து தேடி ஊர் ஊராக மந்திரிக்கப் போனதும் உண்டு. அன்று அறிவு இல்லை, ஆள் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு நிலைமை தலைகீழ். இன்று கைப்பேசியில் தட்டினால் அறிவு கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியவில்லை. அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட், அப்பா லோரி. தாத்தா, பாட்டி தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள்.

ஆயாக்கொட்டகையில் தானாக நடந்த ஒன்றை இன்று பள்ளியில் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. அதுதான் இந்த அணி கேட்கும் துணை. ஆயாவின் பழக்கமும் இன்றைய அறிவும் ஒரே ஆளிடம் சேர வேண்டும்.

மூன்று மொழி, ஒரு பிள்ளை

இன்னொரு சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. பிள்ளை வீட்டில் கேட்பது தமிழ். பி.பி.கே.ஐ. வகுப்பில் பெரும்பாலும் மலாய். பேச்சுப் பயிற்சிக்குப் போனால் ஆங்கிலமும் வருகிறது. “குழப்பாதீர்கள், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்” என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. தமிழை நிறுத்தினால் பாட்டி அவனோடு எந்த மொழியில் பேசுவார்? அம்மா தாலாட்டை எந்த மொழியில் பாடுவார்? 2012-ல் கனடாவில் வெளியான ஆய்வு, இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு, ஒரு மொழி மட்டும் கேட்கும் பிள்ளைகளைவிடக் கூடுதல் பின்னடைவு இல்லை என்று கண்டது. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆகவே தமிழை யாரும் விட வேண்டாம்.

மொழி பாலமாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் போய் வரும் சிறு நோட்டுப் புத்தகம். ஆசிரியர் மலாயில் ஒரு பக்கம் எழுதுகிறார். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் அதைப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துவிடுகிறார். பயன் என்ன? ஐந்து படம் போதும். தூக்கம், சாப்பாடு, கழிப்பறை, மருந்து, மனநிலை. பக்கத்தில் ஒரு சரி, ஒரு தவறு. காலையில் அம்மா குறித்து அனுப்பினால், பள்ளி வாசலில் நிற்பவருக்கு அன்றைய வானிலை தெரிந்துவிடும். மழை வருமா, இடி வருமா என்று! எழுத முடியாதவர் கைப்பேசியில் இரண்டு வார்த்தை பேசி அனுப்பட்டுமே.

கோயிலும் கல்யாணமும்

துணை என்பது பள்ளி மணியோடு முடிவதில்லை. மலாக்காவில் மாசி மகம் என்றால் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் சன்னிதி வரை கூட்டம். மேளம், உறுமி, ஒலிபெருக்கி, வெயில், நெரிசல். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது மொத்தமாகத் தலைக்குள் இடிக்கும். அவன் அலறுவான். சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் கோயிலுக்கே வராது. கல்யாணத்துக்கும் வராது. ஒரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு குடும்பமே ஊரை விட்டு மெல்ல மறைந்துவிடும்.

பிள்ளையை அறிந்த துணை இதற்கும் வழி சொல்வார். திருவிழாவின் படத்தை ஒரு வாரம் முன்பே காட்டுங்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே அழைத்துப் போங்கள். காதுக்கு மூடி மாட்டுங்கள். அவன் கையில் ஒரு வேலை கொடுங்கள். விபூதித் தட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். அடுத்த வருஷம் முப்பது நிமிடம் ஆகட்டும். கோயில் நிர்வாகங்களும் மனம் வைக்கலாம். மேளம் இல்லாத ஒரு மணி நேரமும், உட்கார ஓர் ஓரமும் கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வயது ஏறும்போது

குழந்தையாக இருக்கும்வரை எல்லோருக்கும் இரக்கம் உண்டு. மீசை முளைத்த பிறகு அதே பிள்ளையைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். பெண் பிள்ளை பெரியவளாகும்போது அவளுக்கு என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே, படம் காட்டி, பொறுமையாகச் சொல்லித்தர ஒரு பெண் துணை பள்ளியில் வேண்டும். யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதைப் பழக்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைதான் எளிதில் ஏமாற்றப்படும். இது எந்தப் பாடப்புத்தகத்தின் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று எதிரணி நண்பர்கள் சொல்லட்டும்.

இத்தனையும் செய்ய வேண்டிய பி.பி.எம்-ஐ நாம் எப்படி நடத்துகிறோம்? எஸ்.பி.எம். தகுதியோடு வேலைக்கு வருகிறவர். சம்பளப் படியில் கீழே. பயிற்சி குறைவு. பெற்றோர்கூட அவரை ‘கழுவி விடுகிற ஆள்’ என்று நினைக்கிறார்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போகலாம். அவரும் மாற்றலாகிப் போனால் பிள்ளையைப் பற்றித் தெரிந்த அத்தனையும் அவரோடு போய்விடும். வங்கியில் ஒரு குமாஸ்தா மாறினால் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஒரு பிள்ளையின் கணக்கை ஒப்படைக்க மட்டும் யாரும் இல்லை.

பத்தொன்பதாவது பிறந்தநாள்

இந்த அரங்கில் உள்ள பெற்றோர்களின் மனத்தில் இருக்கும் கேள்வி இனிதான் வருகிறது. இடைநிலைப் பள்ளியின் சிறப்புக் கல்வி பத்தொன்பது வயதோடு முடிகிறது. மாதம் 150 வெள்ளி மாணவர் உதவித்தொகையும் அதோடு நிற்கும். மற்ற வீடுகளில் பத்தொன்பது வயது என்றால் கொண்டாட்டம். இந்த வீடுகளில் அன்றைக்குப் பையன் சீருடை போட்டுக்கொண்டு வழக்கம்போல் வேனுக்காக வாசலில் நிற்பான். வேன் வராது. ஏன் வரவில்லை என்று அவனுக்கு யார் புரிய வைப்பது?

சிபில் எல்கரின் பள்ளிப் பெற்றோரும் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்கள்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே என்று யோசித்து, 1974-ல் சாமர்செட் கோர்ட் என்ற இடத்தில் வளர்ந்தவர்கள் தங்கி வாழவும் வேலை செய்யவும் ஓர் இல்லம் தொடங்கினார்கள். இந்தியாவில் 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெற்றோருக்குப் பிறகு சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. நம் நாட்டில் 1984-ல் திரங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று மலாக்கா உட்பட எல்லா மாநிலங்களிலும் உண்டு. மையம் இருப்பது ஒன்று, தோட்டத்து வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவது வேறொன்று. பதினாறு வயதிலேயே பள்ளித் துணை கையைப் பிடித்து வாரம் ஒருநாள் அங்கே அழைத்துப் போய், முகம் பழக்கி, வழி பழக்கி விட்டால், பத்தொன்பதாவது பிறந்தநாள் இடியாக விழாது.

நேயர்களே, இந்த அணி கேட்பது கோடிக்கணக்கான வெள்ளி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரு துணை. அவர் மாறும்போது அடுத்தவர் ஒரு மாதமாவது கூட இருந்து கற்றுக்கொள்ளும் ஏற்பாடு. அவருக்கு முறையான பயிற்சி, அதற்கேற்ற சம்பளம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள். சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுங்கள். அது அவமான அட்டை இல்லை, உரிமை அட்டை. நம் மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிறப்பு வகுப்பு இல்லாத பள்ளியிலும், வித்தியாசமாக இருக்கிற பிள்ளையை முதலில் கவனிக்கிற ஓர் ஆசிரியர் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் மிச்சம்.

நடுவர் அவர்களே, எழுத்து தெரியாத பிள்ளை வாழ்ந்துவிடும். தன்னை அறிந்த ஒருவர்கூட இல்லாத பிள்ளை எப்படி வாழும்? “எங்களுக்குப் பிறகு யார்?” என்று கேட்கிற பெற்றோருக்குப் பாடப்புத்தகத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஓர் ஆளைக் காட்டித்தான் சொல்ல முடியும். ஆகவே முதல் தேவை துணையே என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டுக்கொண்டு, இந்த அணி விடைபெறுகிறது.